கார்புரேட்டர் சுத்தம்: டேங்கில் ஊற்றுவதா, கழற்றுவதா, கடையில் கொடுப்பதா?

பழைய வேவ் 125, ஃபேண்டம் 200, ஆர்எக்ஸ்இசட், ரெவோ மாடலுக்கு முந்தைய சூப்பர் ஃபோர் என்று கார்புரேட்டர் (எஞ்சினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் பாகம்) உள்ள பைக் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துபோகிறது, காலையில் கிளப்ப முடியவில்லை, கார்புரேட்டரைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். டேங்கில் ஊற்றும் திரவம் போதுமா? ஸ்பிரே அடித்தால் சரியாகுமா? கழற்றத்தான் வேண்டுமா? அல்ட்ராசோனிக், அதாவது திரவத்தை அதிரவைத்துக் கழுவும் முறை, செய்யும் கடையில் கொடுக்கலாமா? புது கார்புரேட்டரே வாங்கிவிடலாமா?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடைப்பு எந்தத் துளையில் இருக்கிறது, அந்தத் துளைவரை உங்கள் மருந்து போய்ச் சேருமா என்ற இரண்டையும் பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும். மலிவான வழி என்று நினைத்து மூன்று தடவை அரைகுறையாகச் செய்பவர்தான் கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்.

## முதலில், கோளாறு கார்புரேட்டரில்தானா?

செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி, வெளியே வரும் பெட்ரோலை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் கிண்ணத்தின் அடியில் தங்கி, வேக ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் (துளையிட்ட பித்தளைத் திருகு) உறிஞ்சும் இடத்திலேயே நிற்கும். கூரையில்லாத இடத்தில் நிறுத்தும் பைக்கில், டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்துபோயிருந்தால், நவம்பர், டிசம்பர் மழையில் இது சாதாரணம். செம்பழுப்புத் துகள் வந்தால் டேங்கின் உள்ளே துரு. பழைய பெயின்ட் போல நாறினால் பெட்ரோல் கெட்டுப் பிசினாகத் தொடங்கிவிட்டது.

துரு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டேங்கைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரை எந்த முறையில் சுத்தம் செய்தாலும் சில வாரங்களில் மறுபடி அடைக்கும்.

அடைப்பு எங்கே என்பதை பைக்கின் நடத்தையே ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆறிய எஞ்சினைக் கிளப்பக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கின் உதவி நம் ஊர் வெப்பத்தில் அதிகம் தேவைப்படாது. சோக்கை இழுத்தால்தான் ஓடுகிறது, சூடான பிறகும் ஐடிலிங்கில் (திராட்டில் திருகாத மெதுவான ஓட்டத்தில்) எஞ்சின் நிலைக்கவில்லை என்றால் சந்தேகம் பைலட் ஜெட் மீது, அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு ஜெட் மீது. மெதுவாக நன்றாக ஓடி, பிஐஇ விரைவுச்சாலையில் முழு திராட்டிலில் மட்டும் மூச்சு வாங்கினால் மெயின் ஜெட்டையோ பெட்ரோல் வரத்தையோ பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது பெட்ரோல் சொட்டினால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் வால்வு மூடவில்லை. அப்போது எஞ்சின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலை மாற்றாமல் கிளப்பவே கூடாது.

திராட்டிலிலிருந்து கையை எடுத்த பிறகும் ஆர்பிஎம் (எஞ்சின் வேகம்) இறங்காமல் தொங்கி நின்றால், கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம். ஐடிலிங்கில் அந்த ரப்பரைச் சுற்றித் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. ரப்பரையும், ஏர் ஃபில்டரையும், ஸ்பார்க் பிளக்கையும் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

என் அளவுகோல்கள் ஐந்து. மருந்து அடைப்புவரை போய்ச் சேருமா? செய்யும்போது எதையாவது கெடுக்க வாய்ப்பு உண்டா? பைக் எத்தனை நாள் ஓடாமல் நிற்கும்? வேலை செய்ய உங்களுக்கு இடம் இருக்கிறதா? கடைசியாக, இந்த பைக் இன்னும் எவ்வளவு காலம் உங்களிடம் இருக்கப்போகிறது?

மூன்றாவதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உணவு விநியோகம் செய்பவருக்கு பைக் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்கு இரண்டு வாரம் நின்றாலும் ஒன்றுமில்லை.

## டேங்கில் ஊற்றும் திரவம்

பெட்ரோலோடு கலந்து ஓடும்போது லேசான பிசினை இது கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் திரவம் ஓடும் இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். முழுதாக அடைத்த பைலட் ஜெட்டின் வழியே பெட்ரோலே போகாதபோது, பெட்ரோலில் கலந்த மருந்து எப்படிப் போகும்? பாதி அடைத்த நிலையில் கொஞ்சம் பலன் தெரியலாம். முழு அடைப்புக்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வீண்.

மறைந்திருக்கும் செலவு, தள்ளிப்போடுவது. "இன்னொரு பாட்டில் ஊற்றிப் பார்ப்போம்" என்று ஓட்டும் காலமெல்லாம் எஞ்சின் குறைந்த பெட்ரோலில் சூடாக ஓடிக்கொண்டிருக்கும். தவிர, பழைய டேங்கின் சுவரில் ஒட்டியிருக்கும் படிவு கரைந்து கீழே இறங்கவும் வாய்ப்புண்டு. நன்றாக ஓடும் பைக்குக்கு அவ்வப்போது ஊற்றுங்கள், தவறில்லை. நோய் வந்த பிறகு இதை நம்பாதீர்கள்.

## கழற்றாமல் ஸ்பிரே அடிப்பது

டின் பதினைந்து வெள்ளிக்குள் கிடைத்துவிடும், அரை மணி நேர வேலை. ஏர் ஃபில்டர் பக்கமாக வாய்க்குள் அடித்தால் திராட்டில் தட்டில் படிந்த கறுப்பு போகும், பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். பைலட் ஜெட்டோ கீழே கிண்ணத்துக்குள், ஒரு குறுகிய குழியின் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேலே அடிக்கும் ஸ்பிரே அங்கே போவதே இல்லை.

கெடுதலும் உண்டு. கார்புரேட்டர் கிளீனரில் உள்ள கரைப்பான்கள் ரப்பரை ஊத வைக்கும். வேக்குவத்தில் தூக்கும் வகைக் கார்புரேட்டரில், அதாவது ஃபேண்டம், சூப்பர் ஃபோர் போன்றவற்றில், மேல் மூடிக்குள் டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கிறது. அது ஊதிச் சுருங்கிக் கிழிந்தால் ஸ்பிரே டின்னைவிடப் பல மடங்கு விலை. சில மாடல்களுக்கு டயஃப்ரம் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

பைக்கிலேயே வைத்து அடியில் உள்ள கிண்ணத்தை மட்டும் இறக்கி, ஜெட்டுகளை எடுத்துக் கழுவிப் போடுவது இதில் ஒரு நல்ல உட்பிரிவு. வேவ் மாதிரி ஒற்றைக் கார்புரேட்டரில், கை நுழைய இடமிருந்தால், தண்ணீர் புகுந்த கோளாறுக்கு இதுவே போதும். மற்றபடி இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

## கழற்றிக் கையால் சுத்தம் செய்வது

ஒற்றைக் கார்புரேட்டர் பைக்குக்கு என் முதல் தேர்வு இதுதான். நீங்களே செய்யலாம், நம்பும் மெக்கானிக்கிடம் பக்கத்தில் நின்று செய்ய வைக்கலாம். சரியாகச் செய்தால் சாதாரண அடைப்புக்கு அல்ட்ராசோனிக்குக்குச் சமமான பலன் கிடைக்கும். அவசரப்பட்டால் கார்புரேட்டரே கெடும்.

கெடும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியக் கார்புரேட்டரின் திருகுகளில் உள்ள சிலுவைக் குறி ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது; திருகும்போது நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் என்று குறித்த டிரைவர் ஒன்று வாங்குவதுதான் இந்த வேலையின் முதல் செலவு. அடுத்தது பைலட் ஜெட். பித்தளை மென்மையான உலோகம். அதன் வெட்டில் அகலமாகப் பொருந்தாத டிரைவரை விட்டுத் திருகினால் வெட்டு உடைந்துவிடும், பிறகு அது வெளியே வராது.

மூன்றாவது, துளையில் கம்பி விடுவது. கீஹின் நிறுவனத்தின் பைலட் ஜெட்டில் 35 என்று எழுதியிருந்தால் துளை 0.35 மில்லிமீட்டர். எஃகுக் கம்பியால் தேய்த்து அது 0.40 ஆகிவிட்டால் துளையின் பரப்பு முப்பது விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். பார்வைக்குத் தெரியவே தெரியாது. பெட்ரோல் குடிப்பதில் தெரியும். மீன்பிடி நரம்பையோ, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையையோ பயன்படுத்துங்கள். அதற்கும் முன்னால் ஜெட்டை கிளீனரில் ஊறவிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வரிசை எளிது. பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தை வடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். ஐடில் கலவைத் திருகைக் கழற்றும் முன் உள்பக்கமாக மெதுவாக, தட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். அதன் நுனியில் உள்ள சுருள்வில், சிறு வாஷர், கடுகளவு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூன்றும் வெளியே வந்துவிட்டனவா என்று பாருங்கள். ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்பிரே அடித்தால் அது ஊதிக் கெடும். டயஃப்ரம், ஃப்ளோட், ரப்பர் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் கிளீனரைத் திறக்க வேண்டும்.

பலர் தவறவிடுவது அடுத்த கட்டத்தை. ஜெட்டைக் கழுவினால் மட்டும் போதாது, ஜெட்டுக்குப் பின்னால் உடலுக்குள் ஓடும் துளைப்பாதைகளும் திறக்க வேண்டும். பைலட் ஜெட் இருந்த குழியில் ஸ்பிரேயின் குழலை அழுத்தி அடித்தால், திராட்டில் தட்டின் அருகே உள்ள ஊசிமுனைத் துளைகளிலும் கலவைத் திருகின் துளையிலும் பீய்ச்சி வர வேண்டும். ஒன்றை விரலால் மூடினால் மற்றதில் வேகம் கூட வேண்டும். ஏதாவது ஒரு துளை வறண்டு கிடந்தால் வேலை முடியவில்லை. பிறகு கம்ப்ரெஸர் காற்று. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். எந்தத் துளையிலிருந்து எந்தத் திசையில் கிளீனர் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது.

திரும்பப் பூட்டும்போது கிண்ணத்தின் கேஸ்கட்டும் ஓ-ரிங்குகளும் புதிதாக இருக்கட்டும். ஃப்ளோட் வால்வின் ரப்பர் நுனியில் வளையம் போலத் தேய்வு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். ஃப்ளோட்டின் உயரத்தை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

இனி இடம். வீவக அடுக்குமாடி வீட்டுக்குள்ளோ, வீட்டு வாசல் நடைபாதையிலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சமையலறை அடுப்புவரை போகும். வாகன நிறுத்துமிடமும் பட்டறை இல்லை. கார்புரேட்டரை மட்டும் கழற்றி, பெட்ரோலை முழுதாக வடித்துவிட்டு, தரைவீட்டில் இருக்கும் நண்பரின் திறந்த முற்றத்துக்கோ, மெக்கானிக் கடையின் ஓர் ஓரத்துக்கோ கொண்டுபோவதுதான் சரி. அழுக்குப் பெட்ரோலையும் கிளீனரையும் சாக்கடையில் ஊற்றக்கூடாது. இங்கே பெரும்பாலான மழைநீர் வடிகால்கள் நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன, அது நாம் குடிக்கும் தண்ணீர். கடையில் கேட்டால் கழிவு எண்ணெயோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.

## அல்ட்ராசோனிக்

கழுவும் திரவம் நிரம்பிய தொட்டியில் கார்புரேட்டரை மூழ்கவைத்து, நொடிக்கு சுமார் 40,000 முறை அதிரவைக்கிறார்கள். அப்போது உருவாகும் கோடிக்கணக்கான நுண்குமிழிகள் உலோகத்தின் மேல் உடையும்போது படிவு பெயர்ந்து வருகிறது. திரவம் 50 முதல் 60 டிகிரி சூட்டில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். தூரிகையோ கம்பியோ எட்டாத உள்பாதைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு, மூன்று ஆண்டு கிளப்பாமல் கிடந்து உள்ளே பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்த கார்புரேட்டருக்கு நான் கையை வைக்கமாட்டேன், நேரே இதற்குத்தான் அனுப்புவேன்.

ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டதுமே மயங்கிவிடக்கூடாது. ஜெட்டுகளைக் கழற்றாமல் அப்படியே தொட்டியில் போட்டால் வெளிப்புறம்தான் பளபளக்கும். உள்பாதையில் காற்று சிக்கியிருந்தால் அங்கே திரவம் இல்லை, திரவம் இல்லாத இடத்தில் குமிழியும் இல்லை. அதனால் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். வெளியே எடுத்ததும் கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்று அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர்ந்த அழுக்கு அடுத்த துளையில் போய் உட்காரும். காரத்தன்மை மிகுந்த திரவத்தில் நேரம் தாண்டி விட்டால் அலுமினியம் கறுத்துப்போகும்.

காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் நான்கு கேள்வி கேளுங்கள். முழுதாகக் கழற்றித்தான் போடுவீர்களா? ஓ-ரிங்கும் கேஸ்கட்டும் விலையில் சேர்த்தியா? விலை ஒரு கார்புரேட்டருக்கா, முழு செட்டுக்கா? மாட்டிய பிறகு டியூனிங் யார் செய்வது? கடைசிக் கேள்வியில் பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

சூப்பர் ஃபோர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாம். நான்கு கார்புரேட்டர், நான்கு திராட்டில் தட்டு. கழற்றி மாட்டிய பிறகு நான்கின் வேக்குவத்தையும் அளவுமானி வைத்துச் சமன்செய்ய வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஐடிலிங் தடதடக்கும். காரணமில்லாமல் நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவும் வேண்டாம். நடுவில் உள்ள பெட்ரோல் குழாய்களின் பழைய ஓ-ரிங் அதோடு ஒழுக ஆரம்பிக்கும். நான்கையும் கையால் செய்வது முடியாததில்லை, ஆனால் ஒன்றில் ஒரு துளை விட்டுப்போனால் மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டும். ஆகவே நான்கு கார்புரேட்டர் பைக்குக்கு, சமன்செய்து தரும் கடையில் ஒருமுறை நிறைவாகச் செலவழிப்பதே சிக்கனம்.

கண்ணாடி, நகை கழுவும் சிறிய அல்ட்ராசோனிக் பெட்டி உங்களிடம் இருந்தால் ஜெட்டுகளுக்கு மட்டும் அது உதவும். அதில் சோப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோலோ கிளீனரோ ஊற்றினால் தீப்பிடிக்கும்.

## ஜோகூர்

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் செய்தால் கூலி குறைவு என்பதை மறுக்கவில்லை. கடற்பாலத்து நெரிசலையும், சரியாகாவிட்டால் மறுபடி போகும் அலைச்சலையும் கணக்கில் சேருங்கள். கார்புரேட்டர் டியூனிங் ஒரே தடவையில் முடிவதில்லை. மாட்டிய பிறகு சில நாள் ஓட்டிப் பார்த்து, கலவைத் திருகை கால் சுற்று முன்பின் திருப்ப வேண்டிவரும். வாராவாரம் எப்படியும் அங்கே போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. இதற்காகவே போவது எனக்கு உவப்பில்லை.

## புதிதாக வாங்குவது

இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நகல். ஜெட்டின் எண் ஒன்று, துளை வேறாக இருக்கும். மூன்று வயதைத் தாண்டிய பைக்குக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு, அங்கே புகையையும் அளக்கிறார்கள். கலவை கூடிய நகல் கார்புரேட்டர் அங்கே உங்களை மாட்டிவிடும். உடல் வெடித்திருந்தால், திராட்டில் தண்டின் துளை தேய்ந்து ஆடினால், புதிது வாங்கத்தான் வேண்டும். அப்போது அசல் உதிரிபாகமாகத் தேடுங்கள்.

நடுவே இன்னொரு வழி இருக்கிறது. ஓடி ஓடி மெயின் நீடிலும் அது இறங்கும் குழலும் தேய்ந்துபோனால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகும். தேய்வை எந்தச் சுத்தமும் சரிசெய்யாது. பழைய உடலை வைத்துக்கொண்டு நீடில், குழல், ஜெட், ரப்பர் அடங்கிய ரிப்பேர் கிட் மட்டும் போடுவது புதிது வாங்குவதைவிட நல்லது. பழைய அசல் ஜெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கிட்டில் வந்தது சரியில்லாவிட்டால் அவை கைகொடுக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | அடைப்பை எட்டுமா | கெடுக்கும் அபாயம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டேங்கில் ஊற்றுவது | லேசான படிவு மட்டும் | குறைவு | தள்ளிப்போடுவது | நன்றாக ஓடும் பைக் |
| கழற்றாமல் ஸ்பிரே | பெரும்பாலும் இல்லை | ரப்பர், டயஃப்ரம் | மறுபடி மறுபடி செய்வது | தண்ணீர் புகுந்த வேவ், கிண்ணத்தை மட்டும் இறக்கி |
| கழற்றிக் கையால் | ஆம், பொறுமை இருந்தால் | திருகு, ஜெட் | சரியான கருவி, வேலை செய்ய இடம் | ஒற்றைக் கார்புரேட்டர் |
| அல்ட்ராசோனிக் | மிக நன்றாக | கடையைப் பொறுத்தது | கேஸ்கட், சமன்செய்தல் | சூப்பர் ஃபோர், நெடுநாள் கிடந்தவை |
| புதிது அல்லது கிட் | கேள்வியே இல்லை | நகலின் தரம் | ஆய்வு, டியூனிங் | உடைந்தவை, தேய்ந்தவை |

## எத்தனை ஆண்டுக்காகச் செலவழிக்கிறீர்கள்?

2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30ஆம் தேதிக்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட முடியாது. விண்டேஜ், கிளாசிக் போன்ற தனித் திட்டங்களில் இருப்பவைக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தப் பழைய வண்டிகளுக்கான புகை விதிகளும் 2023 ஏப்ரலிலிருந்து கடுமையாகிவிட்டன. ஆகவே முதலில் பதிவு அட்டையில் தேதியைப் பாருங்கள். 2002இல் பதிவான ஆர்எக்ஸ்இசட் என்றால் கையால் சுத்தமும் ஒரு ரிப்பேர் கிட்டும் அந்தக் கெடுவரை தாராளமாகத் தாங்கும். அதற்குமேல் செலவழிப்பது உங்கள் ஆசைக்கு, கணக்குக்கு அல்ல. 2005இல் பதிவான சூப்பர் ஃபோர், சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து இன்னும் பல ஆண்டு கையில் இருக்கிறது என்றால் முழு அல்ட்ராசோனிக், கிட், சமன்செய்தல் மூன்றையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

விநியோக வேலைக்கு வேவ் ஓட்டுபவர் மாற்று பைக் இல்லாமல் அல்ட்ராசோனிக் கடையின் வரிசையில் நிற்க வேண்டாம். அன்றைக்கே கழற்றி மாட்டித் தரும் பக்கத்து மெக்கானிக்தான் அவருக்கு லாபம்.

சுத்தம் செய்து முடித்த பைக்கை விட்டுவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தை வடித்துவிடுங்கள். கிண்ணம் வெளிக்காற்றுக்குத் திறந்தது. நம் ஊர் வெயிலில் பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகி, மிஞ்சுவதுதான் பிசினாக இறுகுகிறது. டேங்கை மட்டும் நிரப்பி வையுங்கள். உள்ளே காலி இடம் குறைந்தால் ஈரம் படிந்து துருப்பிடிப்பதும் குறையும். திரும்பி வந்ததும் குழாயைத் திறந்து, கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடம் விட்டு, பிறகு கிளப்புங்கள்.